ஐப்பசியில் பிறந்தவனுக்கு

காசி,

நீ கேட்ட பிறப்புச் சான்றிதழ் இந்தக் கவருக்குள்தான் இருக்கிறது. அவசரப்பட்டு அதை உருவிவிடாதே. முதலில் இந்தக் கடிதத்தை முழுதாகப் படி. கையெழுத்து கோணலாக இருக்கும். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் முத்து முத்தாக எழுதிய கைதான், இப்போது இடது கண்ணில் புரை வந்து எழுத்து வரியை விட்டு இறங்குகிறது. ஆப்பரேஷனுக்கு ஆடி கழியட்டும் என்றிருக்கிறேன். இங்கே சாரல் விட்டு விட்டு அடிக்கிறது. மேலகரத்தில் நம் வீட்டைத் தாண்டி அருவிக்குப் போகும் வேன்கள் விடிகிறதற்கு முன்பே ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுகின்றன. ஊருக்கெல்லாம் சீசன். எனக்கு மட்டும் இந்த வாரம் எதுவுமே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை நீ போன் பண்ணினபோது "எம்மா, கெடைச்சிட்டும்மா" என்றாய். வேறொன்றும் சொல்லவில்லை, எனக்கும் வேறொன்றும் தேவைப்படவில்லை. மூன்று வருஷம் கால்பந்தில் சின்ன லீக்கில், மத்தியான வெயிலில், ஆளில்லாத கேலரிக்கு முன்னால் ஆடியவன் நீ. போனில் உன் மேட்சைப் பார்ப்பேன். பாதி ஆட்டத்தில் படம் உறைந்து நிற்கும். நீ ஒரு காலைத் தூக்கியபடி நிற்பாய், அந்தப் பந்து எங்கே போயிற்று என்று மறுநாள்தான் தெரியும். அப்படிப்பட்டவனை நாட்டின் பெரிய லீக்கில் ஆடுகிற கோவா கிளப் ஒன்று கூப்பிட்டுவிட்டது. பால்காரரிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், உங்கள் அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றும் சொன்னேன். போனை வைப்பதற்கு முன்னால் நீ குரலைக் கொஞ்சம் இறக்கினாய்.

"ஒரே ஒரு பேப்பர்தாம்மா பாக்கி. இருவத்திமூணு வயசுக்குக் கீழ உள்ள ஆளு வேணும்னுதான் என்னைய எடுக்குதாங்க. ஸ்கூல் சர்டிபிகேட் பத்தாதாம், பொறப்புச் சர்டிபிகேட் கேக்குதாங்க. ஸ்கூல் டேட்டுக்கே ஒண்ணு வாங்கிரும்மா. நீ பாக்காத பேப்பரா."

"சரிலே, பாக்கேன்" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் போட்ட வயது உன் நிஜ வயது இல்லை என்பது உனக்குத் தெரியும். உனக்குப் பதினாறு வயதில், அதாவது சான்றிதழ்ப்படி பதினாறு வயதில், நானே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். நீயும் சிரித்தாய். நம் பக்கத்தில் அது ஒரு விஷயமே இல்லை. உன் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம் பிறந்தநாள் வரும். அத்தனை தாய்மாரும் சொல்லிவைத்து ஜூனில் பெற்றார்களா என்ன, எல்லாம் நான் எழுதியதுதான். பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வருகிறவர்கள் மேஜைக்குப் பக்கத்தில் குனிந்து, "டீச்சர், ஒண்ணு ரெண்டு கொறைச்சுப் போடுங்க, நாளைக்குப் போலீசுக்கு ஆகும்லா" என்பார்கள். நான் டீச்சரே இல்லை, கிளார்க். பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்திருக்கிற பொம்பளை எல்லாரும் ஊருக்கு டீச்சர்தான். போலீசுக்கும் ஆர்மிக்கும் ஆள் எடுக்கும்போது வயது தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்ட அண்ணனோ சித்தப்பாவோ இல்லாத வீடு இங்கே குறைவு. அதனால் நான் எழுதினேன். ஒரு பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்றே எழுதினேன்.

உனக்கும் அப்படித்தான். உங்கள் அப்பா லீவில் வந்திருந்தார். பட்டாளத்தில் ஹவில்தார் ஆகியிருந்த நேரம். "ஒன்றரை வருசம் கொறைச்சுப் போடு. செலக்‌ஷன்ல கூட ரெண்டு தடவ நிக்கலாம்லா" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளையை எல்லைக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒன்றரை வருஷம் கையில் கூடுதலாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். உன்னை ஒரு வருஷம் கூடுதலாகப் பால்வாடியில் உட்கார வைத்தோம். ஆறரை வயதில் உன்னை ஐந்து வயது என்று எழுதி ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். வரிசையில் நீதான் கடைசி. அவ்வளவு உயரம். "டீச்சர் மவன் நல்ல வளத்தி" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் வாய் நிறையச் சிரித்து, வீட்டுக்கு வந்து உனக்கு மிளகாய் சுற்றிப் போட்டேன்.

இனிமேல் சொல்லப் போவது உனக்குத் தெரியாதது.

சேர்க்கைப் பதிவேட்டில் உன் பெயரை எழுதிய அதே பக்கத்தில், இரண்டு வரி கீழே ரியாஸின் பெயர் இருக்கிறது. அவனுடைய வாப்பா சவுதியிலிருந்து லீவில் வந்தவர், பிள்ளையைச் சேர்க்கக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். கூச்ச சுபாவம். எல்லாரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார். "எல்லாருக்கும் போடுத மாரி நம்ம பிள்ளைக்கும் பாத்துப் போடுங்க டீச்சர்." அன்றைக்கென்று புதுத் தலைமையாசிரியர் என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பொறுப்பேற்று நாலு நாள்கூட ஆகவில்லை. அவர் காதில் விழட்டும் என்று நான் சத்தமாகச் சொன்னேன்: "அதெல்லாம் இங்கன கெடையாது பாய். உள்ளதைத்தான் எழுதுவோம்." அவர் முகம் சுண்டிப் போய்விட்டது. தலைமையாசிரியர் என்னை மெச்சிக்கொண்டார். அந்த வருஷம் குறைக்கச் சொல்லிக் கேட்டும் உண்மையான தேதி எழுதப்பட்ட ஒரே பிள்ளை ரியாஸ். நான் நேர்மையாக இருந்தது என் வேலை முழுவதிலும் அந்த ஒரு வரியில்தான் என்று சொன்னால்கூடப் பொய்யாகாது, அதுவும் மெச்சுதலுக்கு ஆசைப்பட்டு.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது பாளையங்கோட்டையில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்களே, நினைவிருக்கிறதா? பதினாலு வயதுக்குக் கீழே. நம் பள்ளிக்கூடத்திலிருந்து நீயும் ரியாஸும் போனீர்கள். நீ பின்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர், அவன் ஓரத்தில் ஏறி ஓடுகிற இடது விங். குத்துக்கல்வலசைப் பொட்டலில் நீங்கள் ஆடுவதை ஸ்கூல் விட்டு வரும்போது நின்று பார்ப்பேன். எனக்குப் பந்தாட்டம் தெரியாது, ஆனால் கண் இருக்கிறது. அவன் காலில் பந்து ஒட்டிக்கொண்டு போகும். நீ தோளைக் கொடுத்தால் அவன் கீழே விழுவான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி வருவான், மறுபடி விழுவான். உன்னிடம் பலம் இருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. உனக்குப் பதினாலரை, அவனுக்குப் பதின்மூன்று என்ற கணக்கு அந்தப் பொட்டலில் ஒருநாள்கூட எனக்கு ஓடவில்லை. எழுதிய கைக்கே அது மறந்துவிட்டது.

செலக்‌ஷனில் உன் பெயர் வந்தது. ரியாஸின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக வந்தது. பத்து நாள் கழித்து விடுதியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. உன் மேலுதட்டில் அரும்பியிருந்ததைப் பார்த்து அங்கே யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார்கள். இந்த மாணவனின் பிறந்த தேதியைச் சரிபார்த்து உறுதி செய்து அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். கடிதம் என் மேஜைக்குத்தான் வந்தது. வேறு யார் மேஜைக்கு வரும்? அப்போது அந்தத் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். வந்தவர் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவர். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. உன் நிஜச் சான்றிதழ் வீட்டுப் பீரோவில் அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு அடியில் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் நீ விடுதிக்குப் போக முடியாது, ரியாஸ் போவான். இவ்வளவும் எனக்கு அன்றே தெளிவாகத் தெரியும், காசி. தெரியாமல் செய்தேன் என்று நீ எனக்காகச் சமாதானம் தேட வேண்டாம். "பதிவேட்டின்படி சரியாக உள்ளது" என்று டைப் அடித்துக் கையெழுத்து வாங்கி, நானே தபால் ஆபீசுக்கு நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பதிவேட்டின்படி சரிதானே.

நீ விடுதிக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாரும் வந்தார்கள், ரியாஸ் வரவில்லை. "பொறாம புடிச்ச பய" என்றாய். பஸ் புறப்பட்டு என் கண்ணுக்கு மறைகிறவரை நீ அவன் வருகிறானா என்று எட்டி எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். அப்புறம் லீவுக்கு வரும்போதெல்லாம் அவன் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அவன் ஒன்பதாம் வகுப்போடு பந்தாட்டத்தை விட்டான், படிப்பு முடிந்து துபாய்க்குப் போனான். "அவனுக்குக் கஷ்டப்பட வணங்காதும்மா" என்று ஒரு தடவை சொன்னாய். அன்றாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். மோருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன், கரண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நீ கேட்ட பேப்பருக்காகத் தென்காசிக்குப் போனேன். போகாமல் இல்லை, போனேன். அதையும் சொல்லிவிட வேண்டும். மனு எழுதிக் கொடுக்கும் கடையில் இருந்தவன் என்னிடம் படித்த பையன். அவனுக்கும் ஜூன் மாதம்தான் பிறந்தநாள். பிள்ளை வீட்டில் பிறந்தது, அப்போது பதிவு செய்யவில்லை என்று ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் புதிதாகப் பதிந்து வாங்கிவிடலாம் என்றான். ஃபாரத்தை அவனே நிரப்பினான். "நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும் டீச்சர். உங்க வார்த்தைய யாரு சந்தேகப்படுவா" என்று பேனாவை நீட்டினான். கேலியாகச் சொல்லியிருந்தால் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அவன் மெய்யாகவே மரியாதையோடு சொன்னான். கண் சரியாகத் தெரியவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ரியாஸ் வீட்டுக்கு வந்தான். லீவில் வந்திருக்கிறான், ஒவ்வொரு லீவுக்கும் ஒரு டப்பா பேரீச்சம்பழத்தோடு வந்து என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவான். நீ அதைச் சாப்பிட்டிருக்கிறாய், யார் கொடுத்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சாரலில் நனைந்து வந்து வாசலில் தலையைத் துவட்டிக்கொண்டே, "டீச்சர், காசிக்கு பெரிய லீக் கெடைச்சிருக்காமே? துபாய்ல எங்க ரூம்ல எல்லார்ட்டயும் போன் போட்டுச் சொல்லிட்டேன், எங்க ஊர்க்காரன்னு" என்றான். உன் மேட்சுகளை எல்லாம் வேலை முடிந்து வந்து பார்க்கிறானாம். போன மாசம் நீ கோல் லைனில் விழுந்து தடுத்த பந்தைப் பற்றி என்னிடம் எழுந்து நின்று நடித்துக் காட்டினான். நான் டீயைக் கையில் கொடுத்தேன். கொடுத்த கையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதிவேடு, விடுதிக் கடிதம், பதிவுத் தபால், எல்லாம்.

அவன் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அப்ப அவனுக்குப் பதினாலரையா டீச்சர்?"

"ஆமாய்யா."

"நான் வளரலன்னுல்லா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

எனக்கு உடனே புரியவில்லை. அவனே சொன்னான். "காசி இடிச்சா நான் விழுந்துருவேன். செலக்‌ஷன்லயும் ஒடம்பு பத்தாதுன்னுட்டாங்க. எங்க உம்மா டெய்லி ரெண்டு முட்ட அவிச்சுக் குடுத்தாவ. நான் ஸ்கூலு கம்பில தொங்குவேன், ஒசரமாவணும்னு. ஒரு வருசம் தொங்குனேன் டீச்சர். நமக்கு ஒடம்பு வாகு இல்லன்னு நானாத்தான் விட்டேன்."

அவன் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. டீயைப் பாதியில் கீழே வைத்துவிட்டு, "வாரேன் டீச்சர்" என்று எழுந்து போனான். குடையை நம் வீட்டிலேயே மறந்துவிட்டான். எடுக்க வருவான் என்று நேற்றும் இன்றும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். வரவில்லை. அவன் மன்னித்துவிட்டதாக நான் உனக்கு எழுத முடியாது. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு நான் என்ன செய்திருக்கிறேன் என்று நீ ஊகித்திருப்பாய். கவருக்குள் இருப்பது ஆஸ்பத்திரியில் நீ பிறந்தபோது பதிந்த சான்றிதழ். அதில் உள்ள தேதிப்படி உனக்கு இருபத்தி மூன்று முடிந்து இருபத்தி நாலு நடக்கிறது. நீ கேட்டது இது இல்லை என்று எனக்குத் தெரியும். இதைக் கொடுத்தால் கிளப் உன்னை வேண்டாம் என்று சொல்லலாம். விசாரணை என்று சொல்லி கொஞ்ச நாள் எங்கேயுமே ஆடக் கூடாது என்றுகூடச் சொல்லலாம். பதினேழு வருஷத்துக்கு முன்னால் நான் பேனாவால் செய்ததற்கு நீ காலால் விலை கொடுக்கப் போகிறாய். இந்தக் கவரை ஒட்டிவிட்டு மூன்று தடவை பிரித்தேன். உன் கனவை உன் அம்மாவே கையால் கலைக்கிறாள் என்று நீ நினைப்பாய், அதில் உன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னோடு பேசாமல் இருக்கத் தோன்றினால் இரு. ரியாஸோடு பத்து வருஷம் பேசாமல் இருந்தவன்தானே நீ, அந்தக் கோபம் இப்போதுதான் சரியான விலாசத்துக்கு வந்து சேர்கிறது.

ஆனால் ஒன்று யோசித்துப் பார். இத்தனை நாள் நீ ஆடிய இடங்களில் ஒன்றரை வருஷம் உனக்குத் துணைக்கு நின்றது. பெரிய லீக்கில் அது நிற்காது. அங்கே எல்லாரும் வளர்ந்தவர்கள், உன் தோளுக்குத் தோள் இருப்பார்கள். உன் முட்டி ஈர மைதானத்தில் வலிக்கிறது என்று போன மழைக்குச் சொன்னாயே, அந்த முட்டிக்குப் பேப்பரில் எழுதிய வயது தெரியாது. ஒவ்வொரு கிளப்பிலும் ஒவ்வொரு டாக்டர் முன்னாலும் வயதை ஒளித்துக்கொண்டே ஆட வேண்டும் என்றால் அது எப்பேர்ப்பட்ட பிழைப்பு என்று எனக்குத் தெரியும். நான் ஒரே ஒரு கடிதத்தை ஒளித்தேன். பதிவேட்டைக் கேட்டு யார் ஆபீசுக்குள் நுழைந்தாலும் ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும் எனக்குக் கை வியர்க்கும். அந்த வியர்வையை உனக்குச் சொத்தாக வைத்துவிட்டுப் போக மாட்டேன். உயரத்துக்காக மட்டும் உன்னை அவர்கள் கூப்பிடவில்லை என்று ரியாஸ் நடித்துக் காட்டிய அந்தப் பந்தைப் பார்த்து நானும் நம்புகிறேன். இருபத்தி நாலு வயதுக்காரனாக உன்னை எடுத்தால் போ. எடுக்காவிட்டால் பழைய கிளப்பிலேயே இன்னொரு வருஷம் ஆடு, அங்கும் உண்மையைச் சொல்லிவிட்டு ஆடு.

இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். கிளப்பில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருந்தால் அவர் கையிலேயே கொடுத்துவிடு. ஆறரை வயதுப் பிள்ளை தன் வயதைத் தானே மாற்றி எழுதவில்லை, எழுதியவள் நான், என் பென்ஷனே போனாலும் இதை எந்த ஆபீசிலும் வந்து சொல்வேன். ரியாஸ் இன்னும் பத்து நாள் ஊரில் இருப்பான். கிளப்புக்குப் பேசுவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு போன் பண்ணு. என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. அவன் எடுக்காவிட்டால் மறுநாளும் பண்ணு. குடை இங்கே காய்ந்து மடக்கித் தயாராக இருக்கிறது என்றும் சொல்.

உனக்கு நினைவிருக்கும், ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு நாள் நான் பால் பாயசம் வைப்பேன். நீ பிறந்த அன்று அப்படி ஒரு மழை. ஆஸ்பத்திரி வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். உங்கள் அப்பா எங்கோ பனியில் இருந்தார், அவருக்குத் தகவல் போய்ச் சேரவே ஒன்பது நாள் ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே இடி இடிக்கும்போதெல்லாம் நீ அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாய். பள்ளிக்கூடத்தில் வாய்தவறிச் சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில் அந்த நாளை உனக்குச் சொல்லாமலே வளர்த்தேன். ஜூனில் உனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். ஐப்பசியில் பாயசம் மட்டும் வைத்தேன். நீ டம்ளரை நக்கிக்கொண்டே, "என்னம்மா விசேஷம்?" என்று கேட்பாய். "மழையா இருக்குல்லா, அதான்" என்பேன்.

இந்த ஐப்பசிக்கு நீ கோவாவில் இருப்பாயோ, பழைய கிளப்பில் இருப்பாயோ, எங்கேயும் இடமில்லாமல் இந்த வீட்டில் என் எதிரில் உட்கார்ந்திருப்பாயோ, எனக்குத் தெரியாது. என்னோடு பேசுவாயோ மாட்டாயோ, அதுவும் தெரியாது. அன்றைக்குப் பாயசம் வைப்பேன். என்ன விசேஷம் என்று ஒரு தடவை கேளுலே. சொல்லுதேன்.

உன்
அம்மா